எக்ஸ்ரே படிக்க எந்தக் கல்லூரி? களுவாஞ்சிகுடித் தந்தை ஒருவருக்குப் பதில்

களுவாஞ்சிகுடியில் இருந்து ஒரு தந்தை கேட்டிருக்கிறார். அவருடைய மகள் உயிரியல் பிரிவில் இரண்டாவது முறை உயர்தரப் பரீட்சை எழுதி, உயிரியலிலும் இரசாயனவியலிலும் சி (திறமைச் சித்தி), பௌதிகவியலில் எஸ் (சாதாரண சித்தி) பெற்றிருக்கிறார். கதிர்ப்படவியலில், அதாவது நாம் எல்லோரும் 'எக்ஸ்ரே படிப்பு' என்று சொல்லும் ரேடியோகிராபியில், பட்டம் படிக்க விரும்புகிறார். கொழும்பில் உள்ள தனியார் கல்வி நிலையம் ஒன்று மூன்று வருடத்தில் வெளிநாட்டுப் பட்டம் தருவதாகச் சொல்லி இம்மாத முடிவுக்குள் முற்பணம் கட்டச் சொல்கிறது. மட்டக்களப்பு நகரத்து முகவர் ஒருவர் தமிழ்நாட்டுக் கல்லூரி ஒன்றில் இடம் எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். இவற்றை விட்டு அரச பல்கலைக்கழகத்துக்குக் காத்திருப்பதா, எது நல்ல கல்லூரி என்று எப்படி அறிவது என்பதே அவருடைய கேள்வி.

ஐயா, முதலில் முற்பணத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இம்மாதம் கட்டாதீர்கள். அந்த நிலையம் மோசமானது என்று நான் சொல்லவில்லை. அதைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால், இரண்டு கேள்விகளுக்கு எழுத்தில் விடை கிடைக்கும் வரைக்கும் எந்தக் கல்லூரிக்கும் பணம் கட்டக் கூடாது. முதலாவது, இந்தப் பட்டத்தை முடித்தால் மகளின் பெயர் இலங்கை மருத்துவ சபையில் ரேடியோகிராபராகப் பதியப்படுமா என்பது. இரண்டாவது, படிக்கும் காலத்தில் அவர் எந்த வைத்தியசாலையின் எக்ஸ்ரே அறையில், மொத்தம் எத்தனை மாதம், யாருடைய மேற்பார்வையில் நிற்பார் என்பது. கட்டடம், குளிரூட்டிய வகுப்பறை, பட்டமளிப்பு விழாப் படங்கள், முகநூல் விளம்பரம் எல்லாம் இந்த இரண்டுக்கும் பிறகுதான் வரவேண்டும்.

பதிவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நம் பகுதிப் பெற்றோர் அதிகம் ஏமாறுவது இங்கேதான். நம் நாட்டில் ரேடியோகிராபர், மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர், இயன்மருத்துவர் போன்றோர் மருத்துவத்துக்குத் துணையான தொழிலினர் என்ற வகையில் இலங்கை மருத்துவ சபையில் பதிவு பெறுகிறார்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அங்கீகரிப்பது ஒரு விடயம். அதே பல்கலைக்கழகத்தின் ரேடியோகிராபிப் பட்டத்தை மருத்துவ சபை தொழிலுக்கான தகைமையாக ஏற்பது முற்றிலும் வேறு விடயம். விளம்பரத்தில் 'அங்கீகரிக்கப்பட்ட பட்டம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பது பெரும்பாலும் முதலாவதைத்தான். அது பொய்யல்ல, ஆனால் உங்கள் மகளுக்கு வேண்டிய உண்மையும் அல்ல. மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் நிறுவனம் பதிந்திருக்கிறது என்பதும் அதே வகைப் பதில்தான். அது நிறுவனத்தின் பதிவு, மாணவியின் தொழிற்பதிவு அல்ல.

ஆகவே பட்டத்தின் சரியான பெயர், வழங்கும் பல்கலைக்கழகம், படிப்புக் காலம், பயிற்சி நடக்கும் வைத்தியசாலை ஆகிய நான்கையும் ஒரு கடிதத்தில் எழுதி, 'இதைப் படித்தவர் பதிவுக்கு விண்ணப்பிக்கலாமா' என்று மருத்துவ சபையின் பதிவாளரிடம் நேரடியாகக் கேளுங்கள். நிறுவனத்தின் மூலம் கேட்காதீர்கள். பட்டத்தின் பெயரைக் கூர்ந்து பார்க்கவும் வேண்டும். மருத்துவப் படிமவியல் விஞ்ஞானம், உயிர்மருத்துவ விஞ்ஞானம் என்று அழகான பெயர்களில் வரும் சில பட்டங்கள் ஆய்வுக்கும் மேற்படிப்புக்கும் உதவுமே தவிர, நோயாளியை மேசையில் படுக்கவைத்துப் படம் எடுக்கும் உரிமையைத் தருவதில்லை.

இனி அரச வழியைப் பார்ப்போம். கிழக்கில் நமக்கு இரண்டு பல்கலைக்கழகங்கள் இருந்தும் இந்தப் படிப்புக்கு மகள் வெளியேதான் போகவேண்டும். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுகாதாரப் பீடம் மட்டக்களப்பில் மருத்துவத்துக்கும் தாதியியலுக்கும் மாணவர்களை எடுக்கிறது. ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் சார்ந்த பீடமே கிடையாது. யாழ்ப்பாணத்தின் இணைந்த சுகாதாரப் படிப்புகளில் தாதியியல், மருந்தாளுமை, மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் இருக்கின்றன. கதிர்ப்படவியலுக்குப் பேராதனைதான். அங்குள்ள இணைந்த சுகாதார விஞ்ஞானப் பீடத்தில் நான்கு வருடச் சிறப்புப் பட்டம், ஆங்கில மொழியில், கட்டணமின்றி நடக்கிறது. பேராதனையின் பெரிய பலம் அதைச் சுற்றியுள்ள வைத்தியசாலைகள். பேராதனைப் போதனா வைத்தியசாலை, கண்டி தேசிய வைத்தியசாலை, சிறுவர்களுக்கான சிறிமாவோ பண்டாரநாயக்க வைத்தியசாலை எல்லாம் கிட்டத்தட்ட ஒரே வட்டாரத்தில் இருப்பதால், விபத்து, புற்றுநோய், குழந்தை நோய் என்று எல்லா வகைப் படங்களையும் மாணவர் கையால் எடுத்துப் பழகலாம்.

மகளின் பெறுபேறு அதற்குப் போதுமா என்பதை நான் இங்கிருந்து சொல்ல முடியாது. மூன்று பாடச் சித்திகளை வைத்து அல்ல, பாடங்களின் புள்ளிகளைச் சராசரியோடு ஒப்பிட்டுச் சமப்படுத்திக் கணிக்கும் இசட் புள்ளியை வைத்தே தெரிவு நடக்கிறது. மாணவர் தெரிவில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கென மேலதிகமாகவும் ஒதுக்கப்படுகிறது. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்தப் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்குள் வருகின்றன. கடந்த மூன்று வருடங்களின் மாவட்ட வெட்டுப்புள்ளிகளைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வெளியிட்டிருக்கும் அட்டவணைகளில் எடுத்து, மகளின் புள்ளியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எந்த மாவட்டம் என்பது வீட்டை வைத்தல்ல, படித்த பாடசாலையை வைத்தே பார்க்கப்படும். களுவாஞ்சிகுடியில் இருந்து தினமும் கல்முனைக்குப் பேருந்தில் போய்ப் படித்த பிள்ளைகள் அம்பாறை மாவட்டத்துக்குள் வருவார்கள். இதைத் தெரியாமல் தவறான நிரலைப் பார்த்துவிட்டு அழுத பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன்.

விண்ணப்பத்தில் பாடநெறிகளை நிரப்பும்போது விருப்ப வரிசையை உண்மையான விருப்பப்படியே எழுதுங்கள். கிடைக்காது என்று நினைத்து விரும்பியதைக் கீழே தள்ளினால், அதற்கு மேலே எழுதிய ஒன்று கிடைத்த பின்னர் கீழே உள்ளதைக் கேட்க முடியாது.

இன்னொரு வழி ஜெனரல் சேர் ஜோன் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகம். அங்கே கதிர்ப்படவியல், கதிரியக்கச் சிகிச்சை இரண்டுக்கும் பட்டம் இருக்கிறது. படையில் சேராத மாணவர் கட்டணம் செலுத்திப் படிக்கலாம். வெரஹெரவில் அதற்கென்றே பல்கலைக்கழக வைத்தியசாலை இருப்பது நல்ல விடயம். கட்டணம் சாதாரண குடும்பத்துக்குச் சுமையானதுதான், ஆனாலும் தனியார் நிலையம் ஒன்றுக்குக் கட்டத் தயாராக இருக்கும் நீங்கள் அதற்கு முன்பு இங்கே கேட்டுப் பார்க்காமல் விடக் கூடாது. சுகாதார அமைச்சு வர்த்தமானியில் அறிவித்து ஆட்சேர்த்து, கொழும்பில் உள்ள தனது பயிற்சிப் பாடசாலையில் நடத்தும் டிப்ளோமாவும் இருக்கிறது. அது பட்டம் அல்ல என்று சிலர் தள்ளிவிடுவார்கள். இன்று நம் வைத்தியசாலைகளில் இரவு இரண்டு மணிக்கு எழும்பி வந்து படம் எடுக்கும் மூத்தவர்களில் பலர் அந்த வழியாக வந்தவர்கள்தான். அறிவிப்பு எப்போது வரும் என்று எதிர்பார்த்திருக்க முடியாது என்பதே அதன் குறை.

வைத்தியசாலைப் பயிற்சி ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை ஒரு சாதாரண நெஞ்சுப் படத்தை வைத்தே விளக்கலாம். நோயாளி பலகையைக் கட்டிப்பிடித்தது போல் நெஞ்சை ஒட்டி நிற்க வேண்டும்; கதிர்க்குழாய் அவருடைய முதுகுக்குப் பின்னால் 180 சென்ரிமீற்றர் தூரத்தில் இருக்கும். அவ்வளவு தூரத்தில் வைப்பதும், முன்னிருந்து எடுக்காமல் பின்னிருந்து எடுப்பதும் இதயத்தின் நிழல் உள்ளதைவிடப் பெரிதாக விழாமல் இருப்பதற்காக. இரண்டு தோள்களையும் முன்பக்கம் உருட்டிவிட்டால்தான் தோள்பட்டை எலும்புகள் நுரையீரலை விட்டு விலகும். பிறகு மூச்சை முழுதாக இழுத்துப் பிடிக்கச் சொல்ல வேண்டும். இவ்வளவையும் புத்தகத்தில் ஒரு பக்கத்தில் படித்துவிடலாம். ஆனால், வாழைச்சேனையில் இருந்து வந்த எழுபது வயது மீனவர், மூச்சு வாங்க வாங்க நின்றுகொண்டு, மூச்சை இழுங்கள் என்றதும் வாயை மட்டும் திறந்து காட்டும்போது என்ன செய்வது என்று எந்தப் புத்தகமும் சொல்லித் தராது. அவருடைய தோளின் அசைவைப் பார்த்துக்கொண்டே, அவர் தானாக மூச்சை உள்ளே எடுக்கும் அந்தக் கணத்தில் பொத்தானை அழுத்தப் பழக வேண்டும். அதற்கு நூற்றுக்கணக்கான நெஞ்சுகள் மகளுக்கு முன்னால் வந்து நிற்க வேண்டும். பிழைத்த படத்தை மறுபடி எடுத்தால் அந்த மனிதருக்கு இரண்டாவது தடவை கதிர் படுகிறது. டிஜிட்டல் இயந்திரத்தில் அழித்துவிட்டு எடுப்பது எளிது என்பதால் இந்தக் கவனம் இப்போது இன்னும் அதிகம் தேவைப்படுகிறது.

சில வருடங்களுக்கு முன் என் மைத்துனரின் மகனுக்காக ஒரு கல்வி நிலையத்தைப் பார்க்கப் போயிருந்தேன். 'எங்களிடம் சொந்த எக்ஸ்ரே ஆய்வுகூடம் இருக்கிறது' என்று காட்டினார்கள். இயந்திரம் இருந்தது. கதிர்த்தலையின் மீது விரலை வைத்தால் தடம் பதியும் அளவுக்குத் தூசி. கதிர் விழும் இடத்தை வெளிச்சத்தால் காட்டும் கொலிமேற்றரின் விளக்கு எரியவில்லை. எப்போதிருந்து என்று கேட்டேன். கூட வந்தவருக்குத் தெரியவில்லை. எத்தனை படம், எந்த அளவில் எடுக்கப்பட்டது என்று எழுதிவைக்கும் கொப்பியைக் கேட்டேன், அதுவும் இல்லை. கதிரை எவ்வளவு சிறிய இடத்துக்குள் அடக்க வேண்டும் என்பது இத்தொழிலின் முதல் பாடம். அந்த விளக்கு எரியாத இடத்தில் முதல் பாடமே நடந்திருக்க முடியாது. வாசலில் 'கதிர்வீச்சு எச்சரிக்கை' என்ற மஞ்சள் பலகை மட்டும் புத்தம் புதிதாகத் தொங்கியது. நாங்கள் தேநீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டோம்.

நீங்களும் கட்டாயம் நேரில் போய்ப் பாருங்கள். தொழில்நுட்பம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. இயந்திரத்துக்குரிய அனுமதிப்பத்திரம் எங்கே என்று கேளுங்கள். 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க அணுசக்திச் சட்டத்தின் கீழ் கதிர்வீச்சுக் கருவி எதையும் ஒழுங்குறுத்தும் பேரவையின் அனுமதியின்றிப் பாவிக்க முடியாது. மாணவருக்குக் கதிர் அளவி அட்டை, அதாவது நெஞ்சில் குத்தும் டி.எல்.டி. பட்டை, கொடுக்கிறார்களா என்று கேளுங்கள். கொடுக்காத இடத்தில் மாணவர்கள் உண்மையான கதிருக்குப் பக்கத்திலேயே போவதில்லை, அல்லது பாதுகாப்பின்றிப் போகிறார்கள். இரண்டும் நல்லதல்ல. எல்லாவற்றையும் விட, வைத்தியசாலையோடு செய்துகொண்ட பயிற்சி உடன்படிக்கையைக் காட்டச் சொல்லுங்கள். 'பெரிய வைத்தியசாலைகளுடன் தொடர்பு இருக்கிறது' என்ற வாய்ப்பேச்சு உடன்படிக்கை ஆகாது. முடிந்தால், அங்கே இறுதி வருடத்தில் படிக்கும் பிள்ளை ஒன்றிடம், போன வாரம் எங்கே நின்றாய், எத்தனை படம் எடுத்தாய் என்று தனியாகக் கேளுங்கள். கல்லூரியைப் பற்றிய முழு விபரமும் அந்தப் பதிலில் வந்துவிடும்.

தமிழ்நாட்டைப் பற்றி முகவர் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் ரேடியோகிராபி, இமேஜிங் டெக்னாலஜியில் பி.எஸ்சி. பட்டம் நடத்தும் கல்லூரிகள் இருக்கின்றன. பெரிய மருத்துவமனையோடு சேர்ந்த கல்லூரியாக இருந்தால் ஒரு நாளில் அங்கே மாணவர் காணும் நோயாளிகளின் எண்ணிக்கை நம் ஆதார வைத்தியசாலைகளில் ஒரு வாரத்தில் வருவதைவிட அதிகமாகவே இருக்கும். நோயாளியோடு தமிழில் பேசலாம் என்பதும் முதல் வருட மாணவிக்குப் பெரிய ஆறுதல். இந்தியாவில் இத்தகைய தொழில்களை ஒழுங்குபடுத்த 2021இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. ஆனால், முகவர் சொல்லும் கல்லூரிக்குச் சொந்தமாக மருத்துவமனை இருக்கிறதா, வெளிநாட்டு மாணவருக்கும் இறுதிப் பயிற்சி வருடத்தை அங்கேயே முடிக்க இடம் தருவார்களா, திரும்பி வந்தால் நம் மருத்துவ சபை அதை ஏற்குமா என்ற மூன்றையும் முகவரைத் தவிர வேறொருவரிடம் கேட்டு உறுதிப்படுத்த வேண்டும். முகவருக்குத் தரகு கிடைப்பது பிள்ளை சேரும் நாளில். பிள்ளை தொழிலுக்குப் பதிவாகும் நாளில் அவர் பக்கத்தில் இருக்க மாட்டார். தொலைக்கல்வியில் இந்தப் பட்டம் தருவதாக யாராவது சொன்னால் மேற்கொண்டு பேசவே வேண்டாம்.

கேள்வியில் நீங்கள் எழுதாத, ஆனால் வீட்டில் கட்டாயம் பேசியிருக்கக்கூடிய ஒரு விடயத்தையும் சொல்லிவிடுகிறேன். பெண் பிள்ளைக்கு இந்த வேலை கூடாது, கதிர் பட்டால் குழந்தை பிறக்காது என்று மட்டக்களப்பில் பெரியம்மாமார் சொல்வதை நான் இருபது வருடத்துக்கு மேலாகக் கேட்டு வருகிறேன். கதிர்த்தொழிலில் இருப்பவருக்கான சர்வதேச எல்லை, ஐந்து வருடச் சராசரியாக வருடத்துக்கு 20 மில்லிசீவேர்ட் (உடலில் படும் கதிரை அளக்கும் அலகு). மண்ணில் இருந்தும் வானத்தில் இருந்தும் சாதாரண மனிதருக்கு இயற்கையாகவே கிடைப்பது உலகச் சராசரியில் வருடத்துக்கு ஏறக்குறைய 2.4. முறையாகக் கட்டப்பட்ட அறையில், ஈயக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்று படம் எடுக்கும் ஒருவருக்குத் தொழிலால் கிடைக்கும் அளவு அந்த எல்லைக்கு வெகு கீழேதான் நிற்கும். கதிர் எழும் இடத்தில் இருந்து தூரத்தை இரண்டு மடங்காக்கினால் அளவு நான்கில் ஒன்றாகக் குறையும். இந்தக் கணக்கை முதல் மாதமே கற்றுக்கொடுத்துவிடுவார்கள். கர்ப்பமானால் அறிவிக்க வேண்டும், அறிவித்த பின் மீதிக் காலம் முழுவதற்கும் கருவுக்கு 1 மில்லிசீவேர்ட்டுக்கு மேல் போகாதபடி வேலையை மாற்றித் தர வேண்டும். எம்.ஆர்.ஐ. இயந்திரத்தில் இந்த வகைக் கதிர் சிறிதும் கிடையாது. எனக்குத் தெரிந்த பெண் ரேடியோகிராபர்களின் பிள்ளைகள் இப்போது உயர்தரம் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். பெரியம்மாமாரிடம் இதைச் சொல்லுங்கள்.

இன்னொரு தப்பெண்ணமும் உண்டு. பட்டம் எடுத்துவிட்டு ஊரில் ஒரு 'ஸ்கான் சென்ரர்' போடலாம் என்று சில பெற்றோர் கணக்குப் போடுகிறார்கள். கர்ப்பிணிகளுக்கும் வயிற்று நோயாளருக்கும் ஒலி அலையில் ஸ்கான் செய்து அறிக்கை தருவது நம் நாட்டில் வைத்தியர்களின் வேலை. ரேடியோகிராபர் படத்தை எடுப்பவர். அதை வாசித்து நோயைச் சொல்பவர் கதிரியல் வைத்திய நிபுணர். இந்த வேறுபாட்டை மகள் இப்போதே தெளிவாக அறிந்து, அதில் மனம் ஒப்பியே இந்தப் படிப்புக்குள் வரவேண்டும். மருத்துவம் தவறியதால் வந்தேன் என்ற மனக்குறையோடு வருபவர்கள் இரண்டாம் வருடத்தில் சோர்ந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். பௌதிகவியலில் எஸ் வந்ததையும் அலட்சியம் செய்யக் கூடாது. கதிர்க்குழாய்க்குள் போகும் சக்தியில் ஏறத்தாழ 99 வீதம் வெப்பமாகிப்போக, மீதி ஒரு வீதம்தான் எக்ஸ்ரேயாக வெளிவருகிறது. ஏன் அப்படி, அந்த வெப்பத்தை என்ன செய்வது என்பதில் தொடங்கி எம்.ஆர்.ஐ.யின் காந்தப்புலம் வரை முதல் இரண்டு வருடமும் பௌதிகம்தான். பெறுபேறு வந்ததோடு கொப்பிகளைப் பழைய பேப்பர்காரனிடம் போட்டுவிடாமல், அந்தப் பாடத்தை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

வெளிநாடு போகும் எண்ணம் இருந்தால், எந்தக் கல்லூரியில் படித்தாலும் பயிற்சி மணித்தியாலங்களைப் பிரிவு வாரியாக எழுதி வைத்தியசாலையின் கையொப்பத்தோடு வைத்திருக்க வேண்டும். பிரித்தானியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் பதிவுச் சபைகள் பட்டச் சான்றிதழோடு, எங்கே எவ்வளவு காலம் பயிற்சி பெற்றீர் என்ற விபரத்தையும் கேட்கின்றன. பத்து வருடம் கழித்து அந்தக் கடிதத்தைத் தேடி அலைந்தவர்களில் நானும் ஒருவன்.

மகளின் புள்ளி பேராதனைக்குக் கிட்ட இருக்குமானால், என் கருத்து, மற்ற இரண்டையும் விட்டுவிட்டுக் காத்திருக்கலாம். புள்ளி வெகு தூரம் என்றால் பாதுகாப்புப் பல்கலைக்கழகம், அடுத்து சொந்த மருத்துவமனையுள்ள தமிழ்நாட்டுக் கல்லூரி, மருத்துவ சபையின் எழுத்துப் பதில் சாதகமாக வந்தால் மட்டும் கொழும்புத் தனியார் நிலையம் என்ற வரிசையில் நான் பார்ப்பேன். காத்திருக்கும் மாதங்களில் அவர் சிங்களம் படிக்கட்டும். கல்முனையில் இருந்து மகியங்கனை, பதினெட்டு வளைவு வழியாகக் கண்டிக்குப் போகும் பேருந்தில் பெட்டியோடு ஏறும் நம் பிள்ளைகளுக்கு, முதல் வாரத்தில் எக்ஸ்ரே அறையில் உண்மையாகத் தேவைப்படுவது இரண்டே வசனங்கள்: 'ஹுஸ்ம கன்ன', மூச்சை எடுங்கள், 'அல்லாகென இன்ன', பிடித்துக்கொண்டிருங்கள். அதற்குப் பிறகு விட்டுவிடச் சொல்லவும் மறக்கக் கூடாது. நான் முதல் நாள் மறந்துவிட்டேன். பாவம், அந்த முதியவர் படம் எடுத்து முடிந்த பிறகும் நான் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து வரும் வரைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டே நின்றார்.